பூதப் பாட்டும் ஒரு பழைய கசெட்டும்

வீட்டில் பழைய கசெட் ஏதாவது கிடந்தால், அதிலும் வேறெங்கும் கிடைக்காத பாட்டோ குரலோ அதில் இருந்தால், தயவுசெய்து அதை ஒரு கடையில் கொடுத்துவிட்டு "நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அறுபதாயிரம் ரூபாவுக்குக் கிட்டப் போன காசு மிஞ்சியிருக்கும், ஒரு வருசத்துக்கும் மேலான அலைச்சல் குறைந்திருக்கும், முக்கியமாக இரவில் படுத்துக்கொண்டு ஒரு துண்டு நாடாவை நினைத்து வயிறெரிந்த எரிச்சல் இருந்திருக்காது. என்னைப் போல யாராவது தனியாகத் தேடிக்கொண்டிருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நான் மட்டக்களப்பில் கீபோர்ட் வாசிக்கிறவன். கல்யாண வீடு, கோயில் திருவிழா, பாடசாலை ஆண்டு விழா, எங்கே கூப்பிட்டாலும் போவோம். மட்டக்களப்பு இசைக்காரன் என்றதும் வெளியூர்க்காரர் முதலில் கேட்பது எங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் பாடும் மீனைப் பற்றித்தான். நானும் பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்துக்குப் போய்த் தோணியில் துடுப்பைக் காதில் வைத்துப் பார்த்தவன்தான், ஒன்றும் பாடவில்லை. ஆனால் சின்ன வயதில் ஒரு பூதம் பாடக் கேட்டிருக்கிறேன். எனக்கு இசை என்ற ஒன்றில் ஆசை பிடித்ததே அந்தப் பூதத்தால்தான்.

எங்கள் ஊர் படுவான்கரைப் பக்கம், அதாவது வாவிக்கு மேற்குக் கரை. நான் சொல்வது 1990களின் தொடக்கம், போர்க் காலம். ஊரில் கரண்ட் இல்லை. மண்முனைத் துறையில் பாதை ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும் (வெளியூர்க்காரருக்கு: எங்களுக்குப் பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகும் மிதவை. 2014இல் பாலம் திறந்த பிறகு அந்தத் துறையில் நின்று காய்ந்த கதையெல்லாம் இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் புரியாது). சோதனைச் சாவடியில் பற்றறியைக் கண்டால் எடுத்துவிடுவார்கள். அதனால் மாமா வீட்டில் பாட்டுப் போடுவது ஒரு பெரிய வேலை. சைக்கிளை வளவுக்குள் கவிழ்த்து வைத்து, டைனமோவைப் பின் டயரில் சாய்த்து, அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து, இடையில் டயோட் நாலை ஒட்டி, கசெட் ரேடியோவின் பற்றறி போடும் பெட்டிக்குள் செருகுவார். பிறகு ஒருவர் கையால் பெடலைச் சுற்ற வேண்டும். நாங்கள் பிள்ளைகள் முறை போட்டுச் சுற்றுவோம். மாமாவின் மகன், என் மச்சான், எங்களில் மூத்தவன். அவன் கை மற்றவனுக்கு லேசில் விட்டுக்கொடுக்காது.

அந்தக் கசெட்டில் ஒரு பாட்டு. கிற்றார், பொங்கோ, பின்னால் ஒரு வயலின், பைலாவுக்கு (எங்கள் நாட்டு ஆட்டப் பாட்டு) வருகிற அந்த ஆறு எட்டுத் தாளம். ஒரு ஆள் கிண்டலாக, மூக்கால் கொஞ்சம் இழுத்துப் பாடுவார். சந்தைக்குப் போன கதை, வண்டி குடை சாய்ந்த கதை. இதுவரைக்கும் சாதாரணம். ஆனால் கோரஸ் வந்ததும் அந்தக் குரல் அப்படியே கீழே இறங்கும். ஒரு சுரம் இரண்டு சுரம் இல்லை, பாதாளத்துக்கே. சொற்கள் இழுபட்டு ஒன்றும் விளங்காது, கிற்றார் தண்ணிக்குள் அடிப்பது போல மங்கும், தாளம் நடக்க மாட்டாமல் நடக்கும். பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறி அடுத்த சரணத்தில் அதே கிண்டல் குரல் ஒன்றும் நடக்காத மாதிரிப் பாடும். எங்களுக்குப் பயமும் சிரிப்பும் ஒன்றாக வரும். பூதப் பாட்டு என்று பேர் வைத்தோம். "மாமா, பூதப் பாட்டப் போடுங்க" என்று கேட்டால் மாமாவும் சிரித்துக்கொண்டு போடுவார், ஒரு நாளும் விளக்கம் சொன்னதில்லை.

கெட்டிக்காரர்கள் இப்போதே பிடித்திருப்பீர்கள். நான் பிடிக்க முப்பது வருசம் ஆனது, அதுவும் சுருதி பார்த்துச் சாப்பிடுகிறவன்.

வளர்ந்து கீபோர்ட் பழகி மேடை ஏறிய பிறகும் அந்தப் பாட்டு மனதை விடவில்லை. எழுபதுகளில் யாரோ ஒரு இலங்கைத் தமிழ்ப் பொப் பாடகர், கோரஸில் குரலையும் வேகத்தையும் ஒன்றாக இறக்கி ஏற்றுகிற வித்தையைச் செய்திருக்கிறார், அதை எவரும் கவனிக்கவில்லை என்று எனக்குள் ஒரு பெருமை. கூட வாசிப்பவர்களிடம் சொல்லிச் சொல்லியே அந்த ஆளை ஒரு மேதையாக்கி வைத்திருந்தேன். ஆனால் பாட்டின் முதல் வரி கூட முழுதாக ஞாபகம் இல்லை. கேட்ட இடமெல்லாம் பதில் இரண்டுதான். ஒன்று ஏ. ஈ. மனோகரன், அல்லது நித்தி கனகரத்தினம். இதை ஒரு குறிப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள்: எங்கள் சனத்துக்குப் பழைய துள்ளிசை என்றால் இந்த இருவர்தான், எந்தப் பாட்டைச் சொன்னாலும் இவர்கள் தலையில் கட்டிவிடுவார்கள். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது பேஸ்புக் முழுக்க அவர் பாட்டுகள் ஓடின. அந்தக் கிழமை முழுதும் கிடைத்ததெல்லாம் கேட்டுப் பார்த்தேன், அதில் என் பூதம் இல்லை. ஞாபகத்தை நம்பிப் பெயரைத் தேடினால் பிரபலமானவரிடம்தான் போய் முட்டுவீர்கள். அதைவிட, அந்த நேரத்தில் உங்களுடன் இருந்து கேட்டவர்கள் யார், எந்தக் கருவியில் ஓடியது, அது யாருடைய கசெட், இப்போது எங்கே இருக்கிறது என்று தேடுவது நல்லது. நான் கடைசியாகக் கேட்ட கேள்வியை நீங்கள் முதலில் கேளுங்கள்.

இன்னொரு ஊகமும் எனக்கு இருந்தது. கோரஸில் சொல் விளங்காததால் அது பறங்கியர் (போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழி வந்தவர்கள்) பாட்டாக இருக்குமோ என்று. மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் கப்ரிஞ்ஞா ஆடுவார்கள், வயலினும் றபான் மேளமும் வாசித்துப் போர்த்துக்கீசக் கிரியோலில் பாடுவார்கள், தாளமும் இதே ஆறு எட்டு. வயலின் வாசிக்கிற ஒரு பறங்கி ஐயாவிடம் போய், எனக்கு ஞாபகமுள்ள கோரஸை வாயால் இழுத்து இழுத்துப் பாடிக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது எங்கட பாட்டு இல்ல மகன். ஆனா மிசின்ல ஏதோ பிழை இருக்கு" என்றார். மனுசன் அன்றைக்கே விடையைச் சொல்லிவிட்டார். நான் தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மாமா காலமாகிக் கொஞ்ச நாளில் மாமி ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கித் தந்தார். "உனக்குத்தான் இதுல பைத்தியம், கொண்டு போ மருமகன்." உள்ளே கசெட்டுகள். பாதிக்கு மேல் பக்திப் பாட்டு, சினிமாப் பாட்டு. அடியில் ஒரு தொண்ணூறு நிமிடக் கசெட், அட்டையில் மாமாவின் கையெழுத்தில் "பொப் / ரேடியோ" என்று மட்டும். சின்னக் கண்ணாடிச் சன்னலுக்குள் பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக மா தூவியது போல இருந்தது. அது பூஞ்சணம். அது பூஞ்சணம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். டின்னைத் திறந்ததும் அக்கம்பக்கத்துச் சனம் தந்த ஆலோசனைகளையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் தருவார்கள்: வெயிலில் காயவை, அரிசிப் பானைக்குள் போட்டு வை, ஈரத்துணியால் துடை. மூன்றும் வேண்டாம். எங்கள் பகுதி வெயிலுக்குக் கசெட்டின் பிளாஸ்டிக் வளைந்துவிடும், பிறகு நாடா நேராக ஓடாது. நிழலில், காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்தி வைத்தால் போதும்.

முன்பு நகரத்தில் ரெக்கோடிங் பார் என்று எத்தனையோ இருந்தன, பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் கசெட்டில் அடித்துத் தருவார்கள். அதெல்லாம் போய்விட்டது. விசாரித்ததில் ஒரு கடை, ஊரையும் பேரையும் விடுங்கள், "கசெட்டை பென்டிரைவில் போட்டுத் தருவோம்" என்றார்கள். 4,500 ரூபா. மூன்று நாளில் தருவதாகச் சொல்லி மூன்று கிழமை இழுத்தார்கள். கிடைத்ததும் வாசலிலேயே நின்று இயர்போனை மாட்டிக் கேட்டேன். ஒரு பக்கக் காதில்தான் சத்தம். இரைச்சலை எடுக்கிறோம் என்று எதையோ போட்டு அழுத்தியதில் பொங்கோ காணாமல் போயிருந்தது, பாடுகிறவர் தகர டப்பாவுக்குள் இருந்து பாடுவது போல. எம்பி3, அதிலும் மிகத் தரம் குறைந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னும் பின்னும் இருந்த பேச்சை "தேவையில்லைத்தானே" என்று வெட்டியிருந்தார்கள். பூதப் பாட்டு என்று நான் நினைத்த பாட்டு நடுவில் கரகரத்து நின்றே போய்விட்டது. கசெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் நாடா கசங்கி, அறுந்த இடத்தில் சாதாரண செலோடேப் ஒட்டியிருந்தது. "பழசு அண்ணே, நாங்க என்ன செய்ற" என்றான் அந்தப் பெடியன். எனக்குக் கை நடுங்கியது. அவனை அடிக்கவா, இருந்து அழவா என்று தெரியாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குப் பின்னேரம் ஒரு கல்யாண வீட்டில் வாசிக்க வேண்டியிருந்தது, எப்படி வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

இதில் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. கசெட்டைக் கொடுக்க முதல், எந்த மிசினில் போடுவீர்கள், கடைசியாக எப்போது அதன் ஹெட்டை (நாடாவில் இருந்து சத்தத்தை எடுக்கிற முனை) துடைத்தீர்கள், எந்த வடிவத்தில் தருவீர்கள் என்று கேளுங்கள். பதிலில் தடுமாறினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கேட்க வேண்டிய வடிவம் வேவ் (எம்பி3 போலச் சத்தத்தைச் சுருக்காதது), 24 பிட், குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி வரும், அவ்வளவுதான், இன்றைக்கு ஒரு கல்யாண வீடியோ அதைவிடப் பல மடங்கு பெரியது. இரைச்சலை எடுக்காதீர்கள், எதையும் வெட்டாதீர்கள், பக்கத்தின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டமாக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். இரைச்சலைப் பிறகு எப்போதும் எடுக்கலாம், எடுத்ததைத் திரும்பப் போட முடியாது. முடிந்தால் பக்கத்தில் இருந்து பாருங்கள். "இங்க இருக்க ஏலாது" என்கிற கடை உங்களுக்கு வேண்டாத கடை.

கடைக்காரனை நம்பாமல் நானே செய்கிறேன் என்று அடுத்ததாக இணையத்தில் ஒரு டெக், அதாவது கசெட் ஓட்டுகிற மிசின், வாங்கினேன். 38,000 ரூபா. "புதுசு மாதிரி, முழுக்கச் சரிபார்த்தது" என்று வீடியோவும் போட்டிருந்தார். வந்ததும் போட்டேன், வெளிச்சமெல்லாம் வடிவாக எரிந்தது, கசெட் சுற்றவில்லை. உள்ளே ரப்பர் பெல்ட் உருகித் தார் போலப் பிசுபிசுத்துக் கிடந்தது. வீடியோவில் காட்டியது வேறு மிசின். போனை அடித்தால் முதல் நாள் எடுத்தார், பிறகு எடுக்கவில்லை. பழைய டெக் வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கேளுங்கள்: நான் சொல்லும் திகதியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து, கசெட் போட்டு, ஓடவிட்டு, திருப்பி, முன்னால் பின்னால் சுற்றி, வீடியோ அனுப்புங்கள். பெல்ட் எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். உண்மையான விற்பனையாளர் கோபிக்கமாட்டார்.

மூன்றாவது அடி கொழும்பில். பழைய பாட்டுச் சேகரிப்பவர் என்று ஒருவரின் இலக்கம் கிடைத்தது. வட்ஸ்அப்பில் நான் பாட்டைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர் "ஓம் ஓம், அந்த கோரஸ் இறங்குறதுதானே, என்னட்ட ஒறிஜினல் ஸ்பூல் இருக்கு" என்றார் (ஸ்பூல் என்றால் முதலில் பதிவு செய்கிற பெரிய நாடாச் சுருள்). எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. முற்பணமாக 15,000 போட்டேன். அதற்குப் பிறகு அவருக்குச் சுகமில்லை, மகளுக்குப் பரீட்சை, வீடு மாறுகிறார், கடைசியில் இலக்கமே இல்லை. இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது, ஏனென்றால் கோரஸ் இறங்குகிற அந்தப் பாட்டு உலகத்தில் எந்த ஸ்பூலிலும் இருக்க வழியே இல்லை. நீங்கள் தேடுவது என்ன என்று முழுதாகச் சொல்லிவிட்டால் ஏமாற்றுகிறவனுக்கு நீங்களே பாடம் சொல்லிக் கொடுக்கிறீர்கள். பாதியைச் சொல்லி மீதியை அவரிடம் கேளுங்கள். பத்து செக்கன் துண்டு அனுப்பச் சொல்லுங்கள். அது வராமல் காசு போகக்கூடாது.

இதற்குள் வீட்டில் பேச்சு. "ஒரு பாட்டுக்கா இவ்வளவு?" என்று மனைவி கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. அந்த மாதம் கீபோர்டின் தவணையும் கட்டவில்லை.

கடைசியில் வழி காட்டியது எங்கள் குழுவின் சவுண்ட்காரர். கல்முனைப் பக்கம் ஒரு நானா (முஸ்லிம் அண்ணர்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) இருக்கிறார், ரேடியோ திருத்தி வயது போனவர், இப்போது கடையும் இல்லை, வீட்டு விறாந்தையில் ஒரு மேசை மட்டும் என்றார். கசெட்டையும் செத்த டெக்கையும் தூக்கிக்கொண்டு போனேன். நான் கசெட்டை நீட்டியதும் அவர் வாங்கவில்லை, முதலில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எத்தின இடத்துல போட்டு ஓட்டின தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். "சரி, இனி நாம பாக்காம ஓட்டுறல்ல."

அவர் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்றுதான் எனக்குக் கிடைத்த உண்மையான படிப்பு. முதலில் கசெட்டின் மேல் விளிம்பில் இருந்த இரண்டு சின்னத் தகடுகளை முறித்தார், தவறிப் பதிவுப் பட்டனை அமுக்கினாலும் அழியாமல் இருக்க. கசெட்டுகளில் ஐந்து ஸ்க்ரூ வைத்ததும் இருக்கிறது, ஒட்டியதும் இருக்கிறது, என்னுடையது ஸ்க்ரூ வைத்தது, நல்ல காலம். வெள்ளைத் துணி விரித்து, மூடியைக் கழற்றி, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு (பூஞ்சணத் தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது) ஓரங்களை மென்மையான தூரிகையால் வழித்தார். நடுவில் செம்புத் தகட்டில் ஒட்டியிருக்க வேண்டிய பஞ்சுத் துண்டு கழன்று மூலையில் கிடந்தது. "இதுதான் உங்கட ஒரு பக்கச் சத்தம்" என்றார். அந்தப் பஞ்சுதான் நாடாவை ஹெட்டோடு அணைத்துப் பிடிக்கிறது, அது இல்லாவிட்டால் ஒரு பக்கம் மங்கும், சத்தம் வந்து வந்து போகும். செலோடேப்பை உரித்தார், அதன் பசை அடுத்த சுற்று நாடாவிலும் ஊறியிருந்தது. நாடா ஒட்டுவதற்கென்றே இருக்கிற மெல்லிய டேப்பால் பின் பக்கத்தில் ஒட்டினார். கசங்கிய இடத்தை விரலால் நீவி நேராக்கினார். பிறகு இரண்டு சுருளையும் வேறொரு நல்ல ஸ்க்ரூக் கசெட்டின் கூட்டுக்குள் மாற்றினார். ஒரு புதுக் கசெட்டின் விலையில் பழைய நாடாவுக்குப் புதுவீடு. தொண்ணூறு நிமிட நாடா அறுபது நிமிட நாடாவைவிட மெல்லியது, அதனால் பேனையைச் செருகி வேகமாகச் சுற்றவே கூடாது என்று எனக்கு ஒரு பேச்சும் விழுந்தது.

டெக்கின் பெல்ட்டை மாற்ற இன்னும் கொஞ்ச நாள் ஆனது. அது முடிந்து நான் திரும்பப் போன அன்று அவர் இன்னொரு வேலை செய்தார். பாட்டை ஓடவிட்டு, ஹெட்டின் பக்கத்தில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவை மயிரளவு மயிரளவாகத் திருப்பினார். போர்வைக்குள் கேட்ட குரல் திடீரென்று வெளியே வந்தது. பதிவு செய்த மிசினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் கேட்டால்தான் மேல் சத்தங்கள் வரும். இதை எந்தக் கடையும் செய்வதில்லை. நீங்கள் நம்பிக் கொடுக்கப் போகிறவரிடம் இந்த ஸ்க்ரூவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஆள் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பாட்டு வந்தது. கிற்றார், பொங்கோ, வயலின், அதே மூக்குக் குரல், சந்தை, வண்டி. கோரஸ் வந்தது. இறங்கவில்லை. சாதாரணமாக, துள்ளலாக, நாலு பேர் சேர்ந்து கைதட்டிப் பாடுகிறார்கள், சொல்லெல்லாம் தெளிவான தமிழ். நான் நானாவைப் பார்த்தேன். "மிசின் சரியா ஓடுதா?" என்றேன். அவர் வேகம் பார்க்கிற கசெட்டைப் போட்டுக் காட்டினார், சரியாகத்தான் ஓடியது. எனக்கு வந்தது சந்தோசம் இல்லை. ஏமாற்றம், கொஞ்சம் கோபம் கூட. நல்ல பாட்டுத்தான், ஆனால் இப்படி நூறு பாட்டு இருக்கிறது. இதற்கா அறுபதாயிரம்?

இரவு கனடாவில் இருக்கிற மச்சானுக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டு எடுத்தான், சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு. "டேய், கோரஸ்ல எல்லாரும் கை தட்டுவாங்கதானே. நானும் பெடல விட்டுட்டுக் கை தட்டுவன். பிறகு நீ கத்துவாய், திரும்பப் பிடிச்சுச் சுத்துவன். அதுதான்ரா பூதம்." நானாவிடம் இதைச் சொன்னபோது அவர் விளக்கினார்: ரேடியோ மோட்டருக்கு உள்ளே வேகத்தைச் சீராக வைக்க ஒரு ஏற்பாடு இருக்கும், செக்கனுக்கு 4.76 சென்றிமீற்றர் நாடா ஓட வேண்டும், அதனால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பாட்டு மேலே போகாது. ஆனால் டைனமோ தருகிற வோல்ட் ஒரு அளவுக்குக் கீழே போனால் அந்த ஏற்பாடு கைவிட்டுவிடும், மோட்டர் தளரும். வேகம் கால்வாசி குறைந்தாலே சுருதி ஐந்து அரைச்சுரம் இறங்கிவிடும் என்பது எனக்குத் தெரிந்த கணக்கு. சில்லு நிற்கப் போகும் நேரம் அதைவிடக் கீழே. ஆக எழுபதுகளின் மேதை எங்கள் வளவில் வியர்த்துக்கொண்டு பெடல் சுற்றிய பதினொரு வயதுப் பெடியன்.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. கடைக்காரர் வெட்டி எறிந்த அந்தத் தொடக்கம் இருக்கிறதே, நானாவின் பிரதியில் அது முழுதாக இருந்தது. மாமா ரேடியோவிலிருந்து பதிவு செய்தவர், பட்டனைக் கொஞ்சம் பிந்தி அமுக்கியிருக்கிறார். அறிவிப்பாளர் சொல்லி முடிக்கிற வாக்கியத்தின் வால், "...எழுதிப் பாடுகிறார்" என்று ஒரு பெயர். இரண்டு செக்கன் கூட இல்லை. ஒரு வருசமாக நான் காசு கொடுத்துத் தேடியது அந்த இரண்டு செக்கனில் இருந்தது. பெயரைச் சொன்னதும் நானாவே, "அவர் மாஸ்டர்தானே, இங்க படிப்பிச்சவர்" என்றார். மனுசன் காலமாகிப் பல வருசம். குடும்பம் கேட்டுக்கொண்டதால் பெயரை இங்கே எழுதவில்லை. மகள் கல்லடியில் இருக்கிறார், நான் வாசித்த எத்தனையோ கல்யாண வீட்டுக்கு வந்திருப்பார் போல. அவர்களிடம் அப்பா பாடிய ஒரு பதிவு கூட இல்லை, இருந்ததெல்லாம் 2004 டிசம்பர் 26இல் கடலோடு போய்விட்டது. பென்டிரைவைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியபோது அந்த அக்கா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. முழுப் பக்கமும் ஓடி முடிந்த பிறகுதான் தேத்தண்ணி போட எழும்பினார்.

பழைய பாட்டைத் திரும்பப் பாடி வெளியிட நினைக்கிற இசைக்காரர்களுக்கு ஒன்று. "யாருக்கும் தெரியாத பாட்டு, யார் கேட்கப் போறாங்க" என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருசம் வரைக்கும் உரிமை இருக்கிறது, அது வாரிசுகளிடம் போகும். பதிவு என் மாமாவின் கசெட்டில் இருந்தாலும் பாட்டு மாமாவுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. எழுத்தில் ஒரு சம்மதம், காசு வந்தால் எப்படிப் பிரிப்பது என்று ஒரு தாள், இரண்டு பேரின் கையெழுத்து, இவ்வளவு போதும். கசெட்டின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனம் போல ஆவணப்படுத்துகிற இடத்துக்குக் கொடுப்பதாக இருந்தாலும் அவர்களிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நான் பாட்டைப் புதிதாகச் செய்தேன், கோரஸில் பூதத்தோடு. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்குகிற பிட்ச் சில்லு வழக்கமாக இரண்டு அரைச்சுரம்தான் இறக்கும், அதைப் பன்னிரண்டுக்கு மாற்றி வைத்தேன். ஆனால் சுருதி இறங்கினால் போதாது, வேகமும் சேர்ந்து தளர வேண்டும், எங்கள் டிரம்ஸ்காரர் "விழப் போற ஆள் மாதிரி அடிக்கச் சொல்றீங்க" என்று கோபித்துக்கொண்டார். கடைசியில் முழுதாக வாசித்துப் பதிவு செய்து, கொம்பியூட்டரில் கோரஸை மட்டும் நாடா தளர்வது போல இறக்கினேன். எனக்குப் புல்லரித்தது. வடிவாக வந்திருக்கிறது என்ற தைரியத்தில் அக்காவிடம் கொண்டுபோனேன்.

கோரஸ் வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "ஏன் தம்பி, எங்கட அப்பாட பாட்ட இப்பிடிக் கெடுத்து வெச்சிருக்கீங்க?" என்றார். நான் டைனமோக் கதையெல்லாம் சொன்னேன், படுவான்கரை, பெடல், மச்சான், பூதம். சிரித்தார். சிரித்துவிட்டு, "அது உங்கட பாட்டு தம்பி. அப்பா பாடினது நேராத்தான்" என்றார். சட்டத்திலும் எழுதியவரின் படைப்பைத் திரித்தால் ஆட்சேபிக்கிற உரிமை இருக்கிறது, ஆனால் நான் சட்டத்துக்காகக் கேட்கவில்லை, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெளியிடப் போவது நேரான கோரஸ்தான், அப்படித்தான் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறோம். மேடையில் மட்டும், அதுவும் படுவான்கரைப் பக்கத்து மேடைகளில் மட்டும், பூதத்துக்கு அனுமதி தந்திருக்கிறார். டிரம்ஸ்காரர் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறார்.